செய்கூலி, சேதாரம்

தி.நகர் உஸ்மான் ரோட்டில் நகை வாங்கியவர்களுக்கு அந்த பில் பழக்கமானது. எடை ஒரு வரி, அன்றைய கிராம் விலை ஒரு வரி, அதற்குக் கீழே செய்கூலி, சேதாரம். உருக்கும்போதும் அராவும்போதும் பட்டறையில் சிந்திப்போகிற துகளுக்குப் பெயர்தான் சேதாரம். அந்தத் துகளை நாம் பார்த்ததில்லை, அது நம் கழுத்துக்கு வரப்போவதும் இல்லை, ஆனாலும் காசு கொடுக்கிறோம். "சேதாரம் கொஞ்சம் கொறைச்சுப் போடுங்கண்ணே" என்று பேரம் பேசுவோம். செய்தவருக்கு எதற்குக் கூலி, சிந்தியதற்கு நான் எப்படிப் பொறுப்பு என்று எந்தக் குடும்பமும் நகைக்கடையில் சண்டை போட்டதாகத் தெரியவில்லை. (அந்தச் செய்கூலியில் ஆசாரியின் கைக்கு எவ்வளவு போகிறது என்பது தனிக் கதை. பில்லில் அவருக்கு ஒரு வரி இருக்கிறது என்பதை மட்டும் இப்போதைக்கு வைத்துக்கொள்வோம்.)

நெல்லுக்கு இப்படி ஒரு பில் இல்லை. சேதாரம் உண்டு, ஆனால் அது விற்பவர் தலையில். அரசின் நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது விதி. குறுவை அறுவடையும் வடகிழக்குப் பருவமழையும் டெல்டாவில் ஒரே மாதத்தில்தான் வந்து சேரும். நெல்லைத் தார் ரோட்டில் கொட்டிக் காயவைப்பார்கள், மழை வந்தால் தார்ப்பாய் போட்டு மூடுவார்கள், வெயில் வந்தால் திரும்பக் கிளறுவார்கள். தமிழக அரசு தளர்வு கேட்டு டெல்லிக்கு எழுதும். ஒன்றியக் குழு வந்து கையில் அள்ளிப் பார்க்கும். அதற்குள் குவியலின் அடியில் நெல் முளைத்திருக்கும். கிளறிய ஆள் கூலி, காய்ந்ததில் குறைந்த எடை, முளைத்துப்போன மூட்டை எல்லாமே விவசாயியின் கணக்கு. மூட்டைக்கு இவ்வளவு என்று கொள்முதல் நிலையத்தில் பிடுங்குகிறார்கள் என்ற புகாரும் ஒவ்வொரு பருவத்திலும் பேப்பரில் வருகிறது. அதுவும் அவர் கணக்குதான்.

உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது என்று ஒரு பழமொழி நமக்கு இருக்கிறது. சின்ன வயதில் இதை நஷ்டத்தைப் பற்றிய புலம்பலாகத்தான் கேட்டேன். இப்போது அதில் ஒரு அறிவுரையும் இருப்பதாகப் படுகிறது. கணக்குப் பார்க்காதே, பார்த்தால் தாங்க மாட்டாய், உழுதுகொண்டே இரு. இந்த அறிவுரையால் யாருக்கு லாபம் என்பதுதான் என் கேள்வி. உழவுத் தொழிலின் 'செலவு' என்று நாம் எதைச் சேர்க்கிறோம், எதை விடுகிறோம்? அப்படி விட்டதை யார் சாப்பிடுகிறார்கள்?

இந்தக் கேள்வியில் எனக்கு ஒரு சொந்த சங்கதியும் இருக்கிறது. நான் மந்தைவெளியில் இருக்கிறேன், வேலை ஓஎம்ஆரில். நீடாமங்கலம் பக்கம் தாத்தா வழியில் வந்த ஒன்றரை ஏக்கர் அப்பா பேரில் இருக்கிறது. அதை ஒரு அண்ணன் குத்தகைக்குச் செய்கிறார். போகத்துக்கு ஏக்கருக்கு ஒன்பது மூட்டை நெல், அல்லது அன்றைய விலையில் பணம். இருபது வருடமாக வாய்ப்பேச்சில் ஓடுகிற ஏற்பாடு. அந்த அண்ணனின் உற்பத்திச் செலவில் யூரியா ஒரு வரி, டீசல் ஒரு வரி என்றால், மந்தைவெளியில் இருக்கும் நாங்களும் ஒரு வரி.

போன வருடம் ஊருக்குப் போனபோது அவருடைய நோட்டைக் காட்டினார். பழைய டைரி, முன்பக்கத்தில் ஏதோ உரக்கடை விளம்பரம். டிராக்டர் உழவு, வரப்பு வெட்டு, விதை, நாற்றங்கால், நடவு ஆள், களை ஆள், யூரியா, டிஏபி, பொட்டாஷ், மருந்து, மருந்து அடிச்ச ஆள், அறுப்பு மிஷின், டிராக்டர் வாடகை, சாக்கு. தேதியோடு, டீச் செலவுவரை எழுதியிருந்தார். களைக்கு ஆறு ஆள் என்று இருந்தது. ஆனால் அன்றைக்கு அண்ணியும் அவர்களோடு வயலில் இறங்கியிருந்ததை போனிலேயே சொல்லியிருந்தார்.

"அண்ணி எடுத்த களையைக் காணுமே?"

"வீட்டு ஆளுக்கு யாரு தம்பி கூலி எழுதுவாங்க?"

"நீங்க தண்ணி பாய்ச்சப் போனது?"

சிரித்தார். "அதெல்லாம் எழுதுனா நோட்டு பத்தாது."

அவர் எழுதாததை டெல்லியில் ஒரு அலுவலகம் எழுதுகிறது. 1965-ல் வேளாண் விலை ஆணையமாகத் தொடங்கி 1985-ல் வேளாண் செலவு மற்றும் விலை ஆணையம் என்று பெயர் மாறிய அமைப்பு அது. குறைந்தபட்ச ஆதரவு விலையைப் பரிந்துரைப்பது அவர்கள் வேலை. அவர்கள் செலவைப் பல படிகளாகப் பிரிக்கிறார்கள். கையை விட்டுப் போன பணம், பொருள், குத்தகைக்கு எடுத்திருந்தால் கொடுத்த குத்தகை எல்லாம் சேர்ந்தது ஏ2. அதோடு குடும்பத்தார் உழைப்புக்கு ஒரு கூலி மதிப்புப் போட்டுக் கூட்டினால் ஏ2+எஃப்எல். அண்ணியின் களையெடுப்பு இங்கேதான் வருகிறது. அதற்கும் மேலே, சொந்த நிலத்தை வாடகைக்கு விட்டிருந்தால் என்ன வந்திருக்கும், சொந்த மூலதனத்தை வட்டிக்கு விட்டிருந்தால் என்ன வந்திருக்கும் என்பதையும் சேர்த்தால் சி2. விவசாயியின் நிர்வாகத் திறமைக்கு இன்னொரு 10 சதவீதம் போட்டு சி3 என்றுகூட ஒன்று உண்டு. ஒரு கம்பெனியில் மேனேஜருக்குச் சம்பளம் கொடுப்பதுபோல. சி3-ஐ வைத்து யாரும் விலை கேட்பதாகத் தெரியவில்லை. கேட்டால் சிரிப்பார்கள் என்று விவசாயச் சங்கங்களுக்கே தெரியும்.

2004-ல் எம்.எஸ்.சுவாமிநாதன் தலைமையில் தேசிய விவசாயிகள் ஆணையம் அமைந்தது. 2006-க்குள் ஐந்து அறிக்கைகள் கொடுத்தார்கள். உற்பத்திச் செலவைவிடக் குறைந்தது 50 சதவீதம் கூடுதலாக ஆதரவு விலை இருக்க வேண்டும் என்ற பரிந்துரை அதில்தான் வந்தது. கும்பகோணத்தில் பிறந்தவர். அடையாறு தாண்டித் தரமணியில் அவர் பெயரில் இருக்கும் ஆராய்ச்சி நிறுவனத்தை ஐடி கம்பெனி பஸ்கள் தினமும் கடந்துபோகின்றன. அந்தப் பரிந்துரை 'செலவு' என்று சொன்னது, எந்தச் செலவு என்று எழுத்தில் கட்டிவைக்கவில்லை. அதற்குப் பிறகு நடந்த சண்டை எல்லாம் அந்த ஒரு சொல்லுக்குள்தான். 2018-ல் ஒன்றிய அரசு ஒன்றரை மடங்கு கொடுக்கிறோம் என்று பட்ஜெட்டில் அறிவித்தது. எடுத்துக்கொண்டது ஏ2+எஃப்எல். சங்கங்கள் கேட்பது சி2.

இரண்டுக்கும் எவ்வளவு வித்தியாசம்? 2025-26 பருவத்துக்குச் சாதாரண ரக நெல்லின் ஏ2+எஃப்எல் குவிண்டாலுக்கு 1579 ரூபாய். ஒன்றரை மடங்கு 2369, அதுதான் ஆதரவு விலை. சி2-ஐ எடுத்தால் ஒன்றரை மடங்கு 3135 வரும். தமிழக அரசு தன் பங்குக்கு 131 ரூபாய் ஊக்கத்தொகை சேர்த்து 2500 ஆக்கியிருக்கிறது. அப்படியும் 635 ரூபாய் இடைவெளி.

செலவு எப்படி ஏறியது என்று பார்க்க இதே கணக்கைத்தான் புரட்டினேன். 2018-19-ல் ஏ2+எஃப்எல் 1166, ஆதரவு விலை 1750. ஏழு வருடத்தில் செலவு 35 சதவீதம் ஏறியிருக்கிறது. விலையும் அதே 35 சதவீதம். இதைப் பார்த்து ஆறுதல் அடையலாமா என்றால், ஒன்றை ஒன்றரையால் பெருக்கித்தான் இன்னொன்றைச் செய்கிறார்கள், பிறகு இரண்டும் சேர்ந்துதானே ஏறும். அதுவும் இந்தியா முழுமைக்குமான சராசரி. வாய்க்காலில் தண்ணீர் வராத வருடம் ஆயில் என்ஜின் வைத்து இறைத்தவரின் டீசல், பஞ்சாபில் அதிக மகசூல் எடுப்பவரின் செலவோடு கலந்து கரைந்துவிடும்.

சொந்த உழைப்பை எழுதாமல் விடுவது நம் ஊர்ப் பழக்கம் மட்டும் இல்லை. ரஷ்யாவில் அலெக்ஸாண்டர் சயானோவ் என்ற பொருளாதார அறிஞர் 1920-களில் இதைப் பற்றித்தான் எழுதினார். குடும்பமாகப் பயிர் செய்பவரை ஒரு சின்ன முதலாளியாக நினைத்துக்கொண்டு லாபநஷ்டக் கணக்குப் போட்டால் ஒன்றும் புரியாது என்றார். அங்கே கூலி என்ற வரியே இல்லை. வீட்டில் எத்தனை வாய், எத்தனை கை என்று பார்ப்பார்கள். வாய்கள் நிறையும்வரை, உடம்பு தாங்கும்வரை உழைப்பார்கள். கூலிக்கு ஆள் வைத்து நடத்தும் பண்ணை நஷ்டத்தில் மூடிவிடுகிற விலையிலும் குடும்பப் பண்ணை ஓடிக்கொண்டே இருப்பது அதனால்தான். ஸ்டாலின் ஆட்சி 1937-ல் அவரைச் சுட்டுக் கொன்றது. அவருடைய இந்த ஒரு கருத்து அண்ணனின் டைரிக்கு அப்படியே பொருந்துகிறது. சந்தைக்கு இதைவிட வசதியான ஆள் கிடைக்க மாட்டார். தன்னுடைய சம்பளத்தைத் தானே வெட்டிக்கொண்டு நமக்கு மலிவாகத் தருகிறார், கேட்டால் வெட்டியதாகவே தெரியாது என்கிறார்.

நாம் பதிலுக்குத் தருவது வாழ்த்து. பொங்கலுக்கு ஸ்டேட்டஸ் வைக்கிறோம். ஏர் பிடித்தவன் தெய்வம் என்கிறோம். (தெய்வத்துக்குக் கூலி கொடுக்கும் வழக்கம் எந்த மதத்திலும் இல்லை.) சினிமாவில் கதாநாயகன் கடைசிப் பத்து நிமிடம் விவசாயியைப் பற்றிப் பேசினால் சத்யம் தியேட்டரில் கைதட்டு. ஆசாரியை யாரும் தெய்வம் என்று சொல்வதில்லை, ஆனால் அவருக்குப் பில்லில் ஒரு வரி இருக்கிறது.

இதுவரை சொன்னதில் பெரிய சிக்கல் இல்லை. எல்லாச் செலவையும் சேர், ஒன்றரையால் பெருக்கு, விலையைக் கொடு. என் நண்பர்கள் பலர் இங்கேயே நின்றுவிடுகிறார்கள். எனக்கு இங்கேதான் தொந்தரவு ஆரம்பிக்கிறது. செலவு என்பது காற்றில் கரைவது இல்லை. ஒருவருக்குச் செலவாக இருப்பது இன்னொருவருக்கு வரவு. நெல்லின் சாகுபடிச் செலவில் ஏறத்தாழ பாதி மனித உழைப்பு. அப்படியென்றால் "செலவு ஏறிப்போச்சு" என்ற வாக்கியத்தில் பாதி, "கூலி ஏறிப்போச்சு" என்பதுதான். டெல்டாவில் எந்தத் திண்ணையில் உட்கார்ந்தாலும் இதைக் கேட்கலாம். "நூறு நாள் வேலை வந்துச்சு, ஆளே கிடைக்கல, வெவசாயம் செத்துப்போச்சு." 2006-ல் அந்தத் திட்டம் தொடங்கியதிலிருந்து இந்தப் பேச்சு ஓயவில்லை. நடவு நடும் பெண்ணின் பக்கமிருந்து பார்த்தால், கூப்பிட்ட கூலிக்கு வரமாட்டேன் என்று அவள் சொல்ல முடிந்தது அப்போதுதான். ஆணுக்கு ஒரு கூலி, பெண்ணுக்கு அதைவிடக் குறைந்த கூலி என்ற வித்தியாசம் இன்னும் இருக்கிறது. இத்தனை காலம் நெல்லின் 'செலவைக் கட்டுக்குள் வைத்திருந்தது' அந்த வித்தியாசமும்தான்.

இந்த வாதம் தஞ்சை மண்ணில் ஒருமுறை எங்கே போய் நின்றது என்பது நமக்குத் தெரியும். 1960-களில் கீழத்தஞ்சையில் விவசாயத் தொழிலாளர்கள் செங்கொடிச் சங்கத்தில் சேர்ந்து கூலி உயர்வு கேட்டார்கள். பெருநிலக்காரர்கள் எதிர்ச்சங்கம் வைத்தார்கள். அதன் பெயர் நெல் உற்பத்தியாளர் சங்கம். நாற்றுப் பறிப்பவர், நடுபவர், களை எடுப்பவர், அறுப்பவர், அடிப்பவர், தூற்றுபவர் யாரும் அதில் இல்லை. அவர்கள் உற்பத்தியாளர் இல்லை, உற்பத்திச் செலவு. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் அடைக்கலம் புகுந்த 44 தலித் மக்கள் எரித்துக் கொல்லப்பட்டார்கள். பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள். குற்றம் சாட்டப்பட்ட நிலக்காரர்களை இதே சென்னையில் இருக்கும் உயர் நீதிமன்றம் விடுவித்தது. கீழ்வெண்மணிக்கு அடுத்த வருடம், 1969-ல், தமிழ்நாடு விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம் வந்தது.

நான் இதை விவசாயிகளின் விலைக் கோரிக்கைக்கு எதிராகச் சொல்லவில்லை. ஒன்றரை ஏக்கர் குத்தகைக்காரரும் அன்றைய பெருமிராசும் ஒன்றில்லை. கொங்குப் பக்கம் 1970-களின் தொடக்கத்தில் நாராயணசாமி நாயுடு தலைமையில் மின்கட்டண உயர்வை எதிர்த்து நடந்த போராட்டம் சில பைசாக்களைப் பற்றியது, அதற்காகத் துப்பாக்கிச் சூட்டில் விவசாயிகள் செத்தார்கள். அதுவும் உற்பத்திச் செலவின் வரலாறுதான். ஆனால் மின்கட்டணமும் கூலியும் ஒரே நோட்டில் அடுத்தடுத்த வரியில் இருக்கின்றன என்பதற்காக இரண்டும் ஒரே மாதிரிச் செலவு ஆகிவிடாது. யூரியா 45 கிலோ மூட்டை 266 ரூபாய் 50 காசுக்குக் கிடைப்பது அரசு மானியத்தால். 2021-ல் சர்வதேச விலை ஏறி டிஏபி மூட்டை 2400 ரூபாயைத் தொடும் என்றபோது மானியத்தை இரண்டு மடங்குக்கு மேல் உயர்த்தி 1200-லேயே நிறுத்தினார்கள். மூட்டையில் வருகிற பொருளின் விலை ஏறினால் அரசு இடையில் வந்து நிற்கிறது. களை எடுக்கும் பெண்ணின் கூலி ஏறினால் அதற்கு நாம் கண்டுபிடித்த பதில் மிஷின். நடவு மிஷின் வந்ததை நான் குறை சொல்ல மாட்டேன், நாள் முழுக்கக் குனிந்து நட்ட முதுகுக்கு அது விடுதலைதான். அந்த முதுகுக்குரியவர்கள் அடுத்து எங்கே வேலைக்குப் போனார்கள் என்பதற்கு மட்டும் எந்த ஆணையத்திலும் ஒரு படி இல்லை. சிலர் இங்கேதான் வந்திருக்கிறார்கள். அடையாறில் அபார்ட்மென்ட் கூட்டிப் பெருக்கும் அக்காக்களிடம் ஊர் எது என்று கேட்டுப் பாருங்கள்.

அடுத்த வரி நிலத்தின் வாடகை. இது என் வரி என்பதால் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டியிருக்கிறது. வாடகை செலவா? டேவிட் ரிக்கார்டோ 1817-லேயே இல்லை என்றார். நிலவாடகை அதிகம் என்பதால் தானியத்தின் விலை ஏறுவதில்லை, தானியத்தின் விலை ஏறுவதால்தான் நிலத்துக்கு வாடகை ஏறுகிறது என்பது அவர் கட்சி. அதை ஒப்புக்கொண்டால் சி2 கோரிக்கையில் ஒரு சுழல் இருக்கிறது. வாடகையைச் சேர்த்து விலையை உயர்த்து, விலை உயர்ந்ததும் வாடகை உயரும், உயர்ந்த வாடகையைத் திரும்ப செலவில் சேர். சொந்த நிலத்தில் தானே இறங்கி உழுபவருக்கு இதில் கெடுதல் இல்லை, அவர் வாடகை அவருக்கே வருகிறது. நீடாமங்கலத்து அண்ணனுக்கு அப்படி இல்லை. குவிண்டாலுக்கு 635 ரூபாய் கூடுதலாகக் கிடைத்தால், அதில் ஒரு பங்கு அடுத்த குத்தகைப் பேச்சில் மந்தைவெளிக்கு வந்து சேரும். நாங்கள் வாங்குவதே நெல்லாகத்தான் என்பதால் பேச்சுக்கூடத் தேவையில்லை, தானாகவே வரும்.

மயிலாப்பூர் மந்தைவெளிப் பக்கம் இது புதிது இல்லை. மாடவீதிகளின் பழைய வக்கீல், உத்தியோகக் குடும்பங்கள் பலவற்றுக்குத் தஞ்சைப் பக்கம் நிலம் இருந்தது. வருடத்துக்கு ஒருமுறை ஊரிலிருந்து நெல் வரும், அல்லது மணியார்டர் வரும். இந்தத் தெருக்களில் நடந்த கச்சேரிக்கும் படிப்புக்கும் பின்னால் எவ்வளவு குத்தகை நெல் இருந்தது என்று யாராவது உட்கார்ந்து எழுதினால் நான் ஆசையாகப் படிப்பேன். சட்டம் இதைப் பார்க்காமல் இல்லை. 1955-ல் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம், 1956-ல் நியாயக் குத்தகைச் சட்டம். இப்போது சட்டப்படி விளைச்சலில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் குத்தகை வாங்கக் கூடாது. பதிவு செய்தால் குத்தகைதாரருக்கு உரிமை வந்துவிடும் என்ற பயத்தில்தான் எங்களுடையதைப் போன்ற குத்தகைகள் வாய்ப்பேச்சிலேயே ஓடுகின்றன. அதனால் காகிதத்தில் அண்ணன் விவசாயியே இல்லை. பிஎம் கிசான் ஆறாயிரம் ரூபாய் நிலம் யார் பேரில் இருக்கிறதோ அவருக்கு. பயிர்க்கடன், காப்பீடு, கொள்முதல் நிலையம் எதற்குப் போனாலும் சிட்டா அடங்கல் கேட்பார்கள், அவர் விஏஓ ஆபீஸ் வாசலில் நிற்க வேண்டும். இந்த அலைச்சலும் அவர் டைரியில் கிடையாது.

சரி, இதெல்லாம் கொடுக்க வேண்டிய நியாயமான செலவு என்றே வைத்துக்கொள்வோம், யார் கொடுப்பது? ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். அரசு விதிப்படி 100 கிலோ நெல்லை அரைத்தால் 68 கிலோ புழுங்கலரிசி. குவிண்டால் நெல்லுக்கு 635 ரூபாய் கூடினால் அரிசி கிலோவுக்கு ஒன்பது ரூபாய் சொச்சம். 25 கிலோ மூட்டைக்கு 230 ரூபாய். நான்கு பேர் உள்ள ஒரு மயிலாப்பூர் வீட்டுக்கு மாதம் அவ்வளவுதான். மல்டிப்ளெக்ஸ் டிக்கெட் ஒன்று சுமாராக அந்த விலை. கடையில் நாம் வாங்கும் பொன்னியும் கொள்முதல் நிலையத்துக்குப் போகும் நெல்லும் வேறு வேறு வழியில் பயணிப்பவை என்பதால் இது துல்லியமான கணக்கு இல்லை, அளவு புரிவதற்காகச் சொல்கிறேன். இதே ஒன்பது ரூபாய் பக்கிங்ஹாம் கால்வாய் ஓரத்தில் இருக்கும் வீட்டுக்கு டிக்கெட் காசு இல்லை. ஆனால் அந்த வீட்டுக்கு 2011-லிருந்து ரேஷன் அரிசி இலவசம், அந்த விலையைக் கொடுப்பது அரசு. ஏழைக்குச் சோறு மலிவாகக் கிடைக்க வேண்டும் என்பதைக் காட்டித்தான் விவசாயியின் விலையை எப்போதும் அமுக்குகிறார்கள். தமிழ்நாட்டில் அந்த ஏழைக்கு வேறு ஏற்பாடு செய்தாகிவிட்டது. மலிவு அரிசியின் லாபம் மிச்சம் இருப்பது நம்மைப் போன்றவர்களிடம்.

ஜே.சி.குமரப்பா தஞ்சாவூரில் பிறந்தவர், தொழிலால் ஆடிட்டர். பம்பாயில் நல்ல வருமானம் தந்த தொழிலை விட்டுவிட்டு காந்தியிடம் போனவர். கணக்குப் பார்ப்பவர் என்பதாலோ என்னவோ, பொருளின் மேல் ஒட்டியிருக்கும் விலைச்சீட்டை அவர் நம்பவே இல்லை. ஒரு பொருளை வாங்கும்போது அது உருவான விதத்திலும் வாங்குபவருக்குப் பங்கு வந்துவிடுகிறது, மலிவாகக் கிடைத்தது என்பது பதிலாகாது என்பது அவருடைய நிலை. இதை அப்படியே எடுத்துக்கொண்டால் சென்னையில் ஒருவர் காலை டிபன்கூடச் சாப்பிட முடியாது. ஒவ்வொரு இட்லிக்கும் பின்னால் போய் விசாரிக்கவா முடியும்? ஆனால் குமரப்பா சொன்னதை நான் வேறு மாதிரி புரிந்துகொள்கிறேன். எல்லாப் பொருளின் வரலாற்றுக்கும் நான் பொறுப்பாக முடியாது, சரி. எந்தக் கணக்கில் என் பெயர் ஒரு வரியாகவே இருக்கிறதோ, அங்கே மட்டுமாவது என்னால் பார்க்க முடியும். அதற்கு டெல்லிவரை போக வேண்டாம்.

எங்கள் வரியில் இருக்கும் சிக்கல் அளவைவிட அதன் விதத்தில் இருக்கிறது. ஏக்கருக்கு நாற்பது மூட்டை விளைந்த வருடம் ஒன்பது மூட்டை கொடுத்தால் சட்டம் சொல்லும் நான்கில் ஒரு பங்குக்குள்தான் வருகிறது. பதினைந்து மூட்டை விளைந்த வருடமும் அதே ஒன்பதுதான். 2023 பிப்ரவரி ஆரம்பத்தில் அறுவடை நேரத்தில் மழை பெய்து டெல்டாவில் சம்பா சாய்ந்தது நினைவிருக்கும். அரசு ஹெக்டேருக்கு 20,000 ரூபாய் நிவாரணம் அறிவித்தது. அந்த வருடமும் அண்ணன் குத்தகையைக் குறைக்கச் சொல்லிக் கேட்கவில்லை, பாதியை அப்போதும் மீதியை ஆடியிலும் கொடுத்தார். குத்தகை என்பதற்கு அர்த்தமே அதுதான், வானம் பொய்த்தாலும் பெய்து கெடுத்தாலும் நிலக்காரருக்கு நகராத ஒரு அளவு. டெல்டாவில் வாரம் என்று இன்னொரு முறையும் உண்டு. விளைந்ததில் இத்தனை பங்கு என்று பிரித்துக்கொள்வது. விளையாவிட்டால் இரண்டு பேருக்கும் இல்லை. வாரத்தில் நிலக்காரர்கள் அடித்த கொள்ளையும் வரலாற்றில் நிறைய இருக்கிறது. ஆனால் நான்கில் ஒன்று என்ற சட்ட அளவுக்குள், எழுதிக் கையெழுத்துப் போட்டு வைத்துக்கொண்டால், சேதாரத்தில் மந்தைவெளிக்கும் ஒரு பங்கு வரும்.

இதை அப்பாவிடம் சொன்னேன். "எழுதிக் குடுத்தா நிலம் அவங்களுதாயிடும்டா" என்றார். இருபது வருடம் உழுதவர்தானே என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "பக்கத்து நெலத்துக்காரங்க என்ன சொல்லுவாங்க, ஊர் ரேட்டைக் கெடுத்துட்டோம்னு சண்டைக்கு வருவாங்க" என்றார். அதில் உண்மை இருக்கிறது. ஒரு ஊரில் குத்தகை ஒருவர் மனசை வைத்து நிற்பதில்லை. "எழுத வேண்டாம்னாலும் மழை வருஷத்துக்காவது பங்குன்னு பேசிக்கலாம்ப்பா" என்று கேட்டிருக்கிறேன். அம்மா இடையில் வந்து, "அந்தப் பொண்ணு களை எடுக்குதுல்ல, அதுக்கும் சேர்த்துக் கணக்குப் போடுங்க" என்றாள். அம்மா சின்ன வயதில் தன் அப்பா வயலில் களை எடுத்தவள். அதற்கு யாரும் கூலி எழுதியதில்லை.

அண்ணன் நேற்று போன் பண்ணினார். பயிர் நன்றாகப் பால் பிடித்திருக்கிறதாம், தை இருபதுக்கு மேல் அறுப்பு மிஷினுக்குச் சொல்லிவைத்திருக்கிறாராம். மிஷின் வாடகை மணிக்கு எவ்வளவு என்று இந்த வருடம் இன்னும் பேசவில்லை. "சார் எப்ப வர்றாரு, குத்தகை பேசணும்ல" என்று கேட்டார். பேசிவிட்டுச் சொல்கிறேன் என்றேன்.